வீட்டில் நேற்றைய தயிர் இருக்கிறதா?

“பெண் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை ட்விட்டரில் பகிரக் கூச்சப்படுகிறார்களாமே?” என்று ஒரு வாசகி கேட்கிறார். 2025இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு காதில் விழுந்திருக்கும். 28 லட்சம் ஆய்வுக்கட்டுரைகளைப் பற்றிய 2.3 கோடி ட்வீட்டுகளை அலசியதில், தம் கட்டுரையைத் தாமே பகிரும் வாய்ப்பு பெண்களிடம் சுமார் 28 சதவீதம் குறைவு. ‘கூச்சம்’ மட்டும் வாசகியின் சேர்க்கை.

ட்வீட்டு கிடக்கட்டும், மறுநாள் பழங்கதை. என்னைக் கவர்வது கட்டுரையின் கடைசிப் பக்கம். அங்கேதான் ஆய்வாளர்கள் தம் பழைய கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டுகிறார்கள். நார்வே அறிவியலர்களை ஆராய்ந்த ஃபௌலரும் அக்ஸ்னெஸும் 2007இல் கணக்குப் போட்டார்கள்: ஒரு சுயமேற்கோளுக்கு, ஓராண்டில் பிறரிடமிருந்து ஒன்று கூடுகிறது; ஐந்தாண்டில் சுமார் மூன்று.

பாலுக்கு உறை ஊற்றுவதேதான். ஒரு கரண்டி நம்முடையது. மிச்ச வேலையைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் உறைக்குக் கொஞ்சம் வாங்கிப்போவார், அவர் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் போகும், கடைசியில் தெரு முழுக்க நம் வீட்டுத் தயிர். உறை அதிகமானால் புளிக்குமே என்பீர்கள். உவமை உதைப்பது அங்கேதான்: கூகுள் ஸ்காலர் சொந்த மேற்கோளையும் சேர்த்தே கூட்டிக் காட்டுகிறது, எவ்வளவு ஊற்றினாலும் புளிப்பதில்லை.

1779 முதல் 2011 வரையிலான 15 லட்சம் கட்டுரைகளில், ஆண்கள் 56 சதவீதம் அதிகமாகத் தம்மையே மேற்கோள் காட்டியதாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. உடனே ‘ஆணின் தற்பெருமை’ என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம். மறு ஆண்டே இன்னொரு குழு, ஒவ்வொருவரும் அதுவரை எத்தனை கட்டுரை எழுதியிருந்தார் என்பதையும் கணக்கில் எடுத்தது. வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துபோனது. உறை ஊற்ற, வீட்டில் நேற்றைய தயிர் இருக்க வேண்டுமல்லவா? பெண்களிடம் பழைய கட்டுரைகள் குறைவு.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள். பேர்பெற்றவருக்கே மேலும் பேர் சேரும் என்பதற்கு 1968இல் ஒரு கட்டுரையில் ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். அதற்குப் பெரிதும் கைகொடுத்தவை ஹாரியட் சக்கர்மன் எடுத்த நேர்காணல்கள். ஆனால் கட்டுரையில் மெர்ட்டன் பெயர் மட்டும். இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் மெர்ட்டனே எழுதினார்.

ட்விட்டர் இடைவெளி அப்படிக் கரையவில்லை. பெரிய நிறுவனங்களில் இருந்துகொண்டு, பெரிய இதழ்களில் நிறைய எழுதும் பெண்களிடம்தான் அது மிக அதிகம். இவர்களையா கூச்சக்காரர்கள் என்பது? தாமே பகிர்ந்தால் கட்டுரையைப் பற்றிய ட்வீட்டுகள் கூடுகின்றன. அந்தக் கூடுதலும் ஆண்களுக்குக் கிடைப்பதைவிடப் பெண்களுக்குக் குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது. வாசகி கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.