தகரடப்பாவில் வார்த்த பிஸ்டன்

மோட்டார் வண்டியின் உறுப்பு உடைந்தால் கடையில் வாங்குவதே நம் வழக்கம். கடையிலும் கிடைக்காத உறுப்பை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ள இயலுமா? இயலும் என்று காட்டியவர் நியூசிலாந்தின் பர்ட் மன்றோ (1899–1978). அவருடைய வண்டி கார் அன்று. 1920ஆம் ஆண்டின் ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிள். (பெயரில்தான் இந்தியன், பிறப்பு அமெரிக்காவில்.) ஆயினும் எஞ்சினுக்குள் நிகழ்வது இரண்டிலும் ஒன்றே.

அவ்வண்டி புதிதாக இருந்தபோது மணிக்கு 55 மைல் வேகம் போகும். மன்றோவுக்கு அது போதவில்லை. வேண்டிய பிஸ்டன்களைப் பழைய தகரடப்பாக்களை அச்சாகக் கொண்டு தாமே வார்க்கலானார்.

அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியசில் உருகும். கரியும் காற்றூதியும் உள்ள சிறிய உலை போதும். வார்ப்பிரும்புக்கோ ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் வேண்டும். ஆனால் எல்லா அலுமினியமும் பிஸ்டனுக்கு ஆகாது. சிலிக்கன் கலந்ததாக இருத்தல் நலம். ஆகவே, கழித்துப்போட்ட பழைய பிஸ்டன்களை உருக்குவதே எளிய வழி. ஓட்டைப் பாத்திரங்கள் உதவா. அச்சில் ஈரம் துளியும் இருக்கலாகாது. இருந்தால் நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும். அவ்வாறு நேராவிட்டாலும், ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உலோகத்தில் கரைந்து, அது உறையும்போது ஊசித்துளைகளை உண்டாக்கும்.

உருவம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். உண்மையான தொல்லை அதன் பிறகுதான். அலுமினியம் குளிரும்போது நூறு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். எனவே பெரிதாக வார்த்துக் கடைந்து குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? வெப்பத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் இருமடங்கு விரியும். 75 மில்லிமீட்டர் பிஸ்டன் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பருக்கும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சக்கரமே நின்றுவிடும். கூடினால் வாயு கசிந்து விசை குன்றும். இத்தகைய நுண்ணளவுக்கு மன்றோ பயன்படுத்தியது ஒரு பழைய சக்கரக் கம்பி! விரல் நுனியின் உணர்ச்சியே அவருக்கு மைக்ரோமீட்டராக இருந்தது.

பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டை அவர் வார்க்கவில்லை; பழைய டிராக்டர் அச்சின் எஃகிலிருந்து அறுத்து அராவினார். அது சரியான தேர்வு. ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் நசுங்கியும் உழலும் உறுப்பு அது. ஊசித்துளை உள்ள வார்ப்பு அங்கே தாங்காது. செய்த தண்டைச் சூடேற்றிக் குளிர்வித்தால் கடினப்படும், கண்ணாடிபோல் நொறுங்கவும் செய்யும். மீண்டும் மிதமாகச் சூடேற்றினால்தான் உறுதியோடு வளைந்து கொடுக்கும் தன்மையும் வரும்.

பிரேக், ஸ்டீயரிங் உறுப்புகளை ஆர்வத்தினால் வீட்டில் வார்ப்பது தகாது என்பது என் கருத்து. உப்புவெளிப் பந்தயத்தில் பணயம் ஓட்டுகிறவரின் உயிர் மட்டுமே. சாலையில் பிறர் உயிரும் சேர்ந்துவிடும்.

1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 68 வயது மன்றோ சாதனை படைத்தார். அறிவிக்கப்பட்ட வேகம் சுமார் 183.6 மைல். அன்றைய சராசரிக் கணக்கில் பிழை இருந்ததாக அறிந்து, 2014இல் 184.087 மைல் எனத் திருத்தினர். சக்கரக் கம்பியால் அளந்தவரின் எஞ்சின் தவறவில்லை. கணக்குப் போட்டவர்களே தவறினர்!

உடைந்துபோன பிஸ்டன்களையும் தண்டுகளையும் அவர் எறிந்துவிடவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதி வைத்திருந்தார்.