சமயமும் அரசும்: கிலாபத்துப் பற்றிய ஒரு வாதம்

இஸ்லாத்திற் சமயமும் அரசும் பிரிக்கவொண்ணாதன என்பது பலருங் கூறுங் கூற்று. அஃது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, எகிப்து நாட்டில் 1925ஆம் ஆண்டில் எழுந்த வாதமொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நபிகள் நாயகம் 632இல் மறைந்தபின் முஸ்லிம் சமுதாயத்துக்குத் தலைமை தாங்கியோர் கலீபாக்கள் எனப்பட்டனர். அவர்தம் பதவியே கிலாபத்து. பதினோராம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த நீதிபதி அல்மாவர்தி, சமயத்தைக் காத்தலும் உலகியலை நடாத்தலும் அப்பதவியின் கடன்கள் என வகுத்தார். ஆயின், அவர் காலத்திலேயே படைவலி கலீபாவிடமன்றிப் பிறரிடம் இருந்தது. கொள்கையும் நடைமுறையும் அன்றே வேறுபட்டு நின்றன.

துருக்கியின் தேசிய மகாசபை 1924 மார்ச்சு 3ஆந் திகதி கிலாபத்தை ஒழித்தது. மறு ஆண்டு, அல்அஸ்ஹரிற் கற்றுச் சமய நீதிமன்றத்து நீதிபதியாயிருந்த அலி அப்துர் ராசிக், 'இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்' என்னும் பொருள்படும் தலைப்பில் அரபு நூலொன்றை வெளியிட்டார். கிலாபத்தைக் கடமையாக்குஞ் சான்று குர்ஆனிலோ நபிமொழியிலோ இல்லை. நபிகள் நாயகத்தின் தலைமை இறைதூதர்க்குரியதேயன்றி மன்னர்க்குரியதன்று. ஆதலின், ஆட்சிமுறையைத் தம் அறிவாலும் அனுபவத்தாலும் அமைக்கும் உரிமை முஸ்லிம்களுக்கு உண்டு என்பதே அவர் துணிபு.

மறுத்தோர் வாதமும் வலிமையற்றதன்று. மதீனாவில் நபிகள் நாயகம் வழக்குத் தீர்த்தார்; படை நடத்தினார்; உடன்படிக்கை செய்தார். இவை ஆட்சியின் செயல்கள் அல்லவோ என அவர்கள் வினவினர். எகிப்து மன்னர் புவாது கலீபாவாக விழைகின்றார் என்ற பேச்சு நிலவிய காலமாதலின், நூல் அரசியலையுந் தொட்டது. அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் அல்அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் அவை நூலாசிரியரைத் தம் வரிசையினின்றும் நீக்கியது. நீதிபதிப் பதவியும் பறிபோயிற்று. இப்பூசலால் அமைச்சரவையே பிளவுற்றது. 1926 மே மாதம் கெய்ரோவிற் கூடிய கிலாபத்து மாநாடோ கலீபா ஒருவரைத் தெரிவு செய்யாமலே கலைந்தது. பிற்காலத்தில் அப்துர் ராசிக் மீண்டும் உலமாக்கள் வரிசையிற் சேர்க்கப்பட்டு, வக்குபு அமைச்சராகவும் பணியாற்றினார்.

இருசாராரும் ஒரே மறையையும் ஒரே வரலாற்றையுமே சான்றுகாட்டினர் என்பது நோக்கற்பாலது. ஆகவே, பிரிக்கவொண்ணாமை என்பது இஸ்லாமிய அறிஞர் தம்முள்ளேயே வாதிக்கப்பட்ட ஒரு பொருளாம். எல்லாரும் ஒப்பிய முடிபன்று. ஒரு சமயத்தாரின் அரசியற் கொள்கையை அறிய விழைவோர், அவர்தம் ஒரு விடையை மாத்திரங் கேட்டு அமையாது, அவர்களிடை நிகழ்ந்த வாதத்தையுங் கற்றல் வேண்டும். கருத்தை மறுத்தல் அறிஞர் கடன். கருத்துரைத்தார் பதவியைப் பறித்தல் மறுப்பாகாது.