சிறுவயல் முதல் காளையார்கோவில் வரை: காட்டிடம் தோற்ற கம்பெனி படை, 1801-ல் ஜெயித்தது எப்படி?

ஆத்தங்குடிக்கு டைல்ஸ் பார்க்கவும் ரீல்ஸ் எடுக்கவும் போகிறவர்கள் அதிகம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிறுவயல் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் குறைவு. கிழக்கிந்தியக் கம்பெனி படை ஒரு மாதம் சிக்கித் தவித்த இடம் அது.

சண்டை எதற்கு?

வேலுநாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையத் தேவர்தான் சிவகங்கை மன்னர். ஆனால் சீமையை நடத்தியது பிரதானிகளான பெரிய மருதுவும் சின்ன மருதுவும். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இவர்களிடம் அடைக்கலம் வந்தார். 'ஒப்படையுங்கள்' என்றது கம்பெனி. 'முடியாது' என்றார்கள் மருதுகள். ஜூன் 16-ல் சின்ன மருதுவின் போர் அறிக்கை திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது.

வெள்ளைக்காரனுக்கும் நமக்குமான சண்டை மட்டும்தானா?

இல்லை. புதுக்கோட்டை தொண்டைமானும் எட்டயபுரம் பாளையக்காரரும் கம்பெனி பக்கம் நின்றார்கள். கம்பெனி படையிலும் பெரும்பாலானவர்கள் இந்திய சிப்பாய்கள்தான். பாதி இது உள்நாட்டுப் போர்.

காட்டுக்குள் என்ன நடந்தது?

ஜூலை கடைசியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று மருதுகளின் ஆட்களே கொளுத்திவிட்டார்கள். அங்கிருந்து காளையார்கோவில் வரை அடர்ந்த முள்காடு. பீரங்கி போக வேண்டும் என்றால் ரோடு வேண்டும். தினமும் மரம் வெட்டினார்கள். தினமும் புதருக்குள் இருந்து தாக்குதல் வந்தது. வெட்டிய பாதையை மறித்து மண்தடுப்பு எழும்பியது. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்?

கோடரியைக் கீழே வைத்துவிட்டு, வாரிசு உரிமையைக் கையில் எடுத்தார்கள். அரச வம்சத்தைச் சேர்ந்த படமாத்தூர் கௌரி வல்லபரை, செப்டம்பரில் சோழபுரத்தில் வைத்து சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்தது கம்பெனி. 'ராஜ விசுவாசம்' என்பது இப்போது இரண்டு பக்கமும் இழுத்தது. மருதுகள் பக்கம் ஆள் கரைய ஆரம்பித்தது.

ரோமிலும் இதே கதை உண்டு. கி.பி. 69-ல் ஒரே வருடத்தில் 4 பேரரசர்கள். ரோமானியப் படைகள் ஒன்றோடொன்று மோதின. யார் உண்மையான பேரரசர் என்பதைப் பொறுத்து படைகள் பக்கம் மாறின.

அக்டோபர் 1-ல் பல திசைகளில் இருந்து வந்த படைகள் காளையார்கோவிலைப் பிடித்தன. ஒரு பிரிவு இரவோடு இரவாக ரகசியக் காட்டுப்பாதையில் வந்தது.

முடிவு?

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த வருடம் வேங்கன் பெரிய உடையத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70-க்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அடுத்த முறை செட்டிநாடு ட்ரிப் போனால், காளையார்கோவில் கோபுரத்தையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பீரங்கியால் உள்ளே வர முடியாத அந்தக் காட்டுக்குள், ஒரு பட்டாபிஷேகம் வழி போட்டுக் கொடுத்தது.