‘உடனே’ என்பது ‘அப்புறம்’ ஆன கதை

அடுப்படியிலிருந்து ஒரு குரல் வருகிறது. “கொஞ்சம் இங்கே வாங்களேன்!”

நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? “இதோ வந்துட்டேன்!” என்கிறீர்கள். சொல்லிவிட்டு, கையிலிருக்கும் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறீர்கள். இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால், ‘வருகிறேன்’ என்று கூடச் சொல்லாமல், ‘வந்துவிட்டேன்’ என்று நடந்து முடிந்த காரியமாகவே சொல்லியாயிற்று!

வெட்கப்பட வேண்டாம். இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. ஆங்கிலேயருக்கும் உண்டு. அவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல சொல்லின் பொருளைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சொல்லின் பெயர் ‘அனான்’. அதன் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

‘ஒன்றில்’ பிறந்த சொல்

பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. இன்று ‘ஒன்’ என்று எண்ணுகிறார்களே, அதன் மூதாதை அதுதான். அதற்கு முன்னால் ‘இல்’ என்னும் பொருள் தரும் ஒரு சிறு சொல்லைச் சேர்த்து, ‘ஒன்றில்’, ‘ஒன்றாக’ என்ற பொருளில் பேசினார்கள். இடையில் எதுவும் குறுக்கிடாமல், ஒரே மூச்சில், ஒரே போக்கில் என்று கருத்து. அதிலிருந்து காலத்துக்குத் தாவியது. ‘ஒரே மூச்சில்’ என்பது ‘அந்தக் கணமே’ என்று ஆயிற்று. இரண்டு சொற்களும் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு ‘அனான்’ ஆகிவிட்டன. 1400ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் சாசர் காலத்தில், ஒருவன் ‘அனான்’ எழுந்தான் என்றால் சட்டென்று எழுந்தான் என்றே பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பள்ளியில் ஆங்கிலக் கவிதைத் தொகுப்புப் படித்தவர்கள், சில பாட்டுகளின் அடியில் ‘அனான்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ பாட்டுகளின் கீழே அந்தப் பெயர் இருந்ததால், அவர் ஆங்கிலேயரின் கம்பர் போலும் என்று சிறு வயதில் நான் வியந்ததுண்டு! அது புலவர் பெயரும் அன்று. நம் கதைச் சொல்லும் அன்று. பெயர் தெரியாதவர் என்னும் பொருளுடைய நீண்ட சொல்லின் சுருக்கம். அதன் வேர் கிரேக்கம். உருவம் ஒன்று, உறவு கிடையாது. அதை இத்துடன் விட்டுவிடுவோம்.

நாடக மேடையில் மூன்று பேர்

‘அந்தக் கணமே’ என்று நிமிர்ந்து நின்ற இந்தச் சொல், எப்போது குனியத் தொடங்கியது? ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் ஜூலியட்டைப் பாருங்கள். இரவு நேரம். மாடியில் அவள், கீழே தோட்டத்தில் ரோமியோ. உள்ளிருந்து செவிலித்தாய் கூப்பிடுகிறாள். ஜூலியட் ‘அனான்’ என்று குரல் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டுக் காதலனுடன் பேச்சைத் தொடர்கிறாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழைப்பு. மறுபடியும் அதே பதில். பேச்சு மட்டும் நிற்கவில்லை. காதலியின் வாயில் அந்தச் சொல், ‘கொஞ்சம் தொந்தரவு செய்யாமல் இரேன்’ என்று ஆகிவிடுகிறது.

அடுத்து, ‘மேக்பெத்’ நாடகத்தின் வாயிற்காவலன். கோட்டைக் கதவு இடிபடுகிறது. உள்ளே மன்னன் கொலையுண்டு கிடக்கிறான். அது காவலனுக்குத் தெரியாது. அவனோ முன்னிரவில் குடித்த மயக்கம் தெளியாதவன். தன்னை நரகத்தின் வாயில் காப்பவனாகக் கற்பனை செய்துகொண்டு, தனக்குத்தானே நெடும் பேச்சுப் பேசிய பிறகே ‘அனான், அனான்’ என்று சொல்லிக் கதவைத் திறக்கிறான்.

மூன்றாமவன்தான் என் மனத்தை விட்டு அகலாதவன். பிரான்சிஸ் என்னும் சிறுவன். ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் வருகிறான். அந்த நாடகம் 1598இல் அச்சில் வந்தது. இலண்டன் மதுக்கடை ஒன்றில் எடுபிடி வேலை. இளவரசனுக்குப் பொழுது போகவில்லை. பையனை அருகில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கிறான். அதே நேரத்தில் நண்பனை அடுத்த அறையிலிருந்து விடாமல் பையன் பெயரைக் கூப்பிடச் சொல்கிறான். பாவம் பிரான்சிஸ்! ஒவ்வோர் அழைப்புக்கும் ‘அனான், அனான்’ என்று கத்துகிறான். ஆனால் இளவரசன் பேசும்போது விட்டுவிட்டு ஓட முடியுமா? கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் அழைக்க, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறான். அப்போது முதலாளி வந்து, கூப்பிடுவது காதில் விழவில்லையா என்று அவனையே ஏசுகிறார். கிளிக்குத் தெரிந்த சொற்கள் கூட இவனுக்குத் தெரியவில்லை என்று பிறகு இளவரசன் கேலி பேசுகிறான்.

அந்தக் காட்சியில் ஒரு சிறு செய்தி உண்டு. இன்னும் எத்தனை காலம் இங்கே வேலை செய்ய வேண்டும் என்று இளவரசன் கேட்கிறான். ஐந்து ஆண்டு என்கிறான் பையன். தொழில் பழகுவதற்காக அவனை ஒப்பந்தச் சீட்டில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘இண்டென்ச்சர்’ என்று பெயர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. மலாயாவுக்கு நம்மவரைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறைக்கும் அதே பெயர்தான். 1910இல் அந்த ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிரான்சிஸ் வேறு நாட்டான், வேறு காலத்தவன், அவன் கட்டுப்பாடும் வேறு வகை. ஆனாலும், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ‘இதோ’ என்று சொல்ல வேண்டியவன் யார், சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடியவன் யார் என்ற வேறுபாடு நமக்குப் புரிகிறதல்லவா?

வேதப் புத்தகத்தில் ஒரு சிக்கல்

பொருள் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தில், மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், விதைப்பவன் கதை வருகிறது. கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் போன்றவன், நல்ல செய்தியைக் கேட்டதும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறான். துன்பம் வந்ததும் கைவிட்டு விடுகிறான். ‘கேட்டதும்’ என்பதற்கு அங்கே ‘அனான்’. ‘வந்ததும்’ என்பதற்கு ‘பை அண்டு பை’. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் முன்னோரின் நடையைப் பெரும்பாலும் ஒட்டிச் சென்றவர்கள். ஆகவே இரண்டு சொல்லுக்கும் ‘உடனே’ என்ற பழைய பொருளே அங்கே நிற்கிறது.

ஆனால் இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் படித்தால், அவன் ‘கொஞ்ச நேரம் கழித்து’ ஏற்றுக்கொண்டான், ‘காலப்போக்கில்’ கைவிட்டான் என்று நினைப்பார். கதையின் உயிரே போய்விடும். அவசரமாக முளைத்து அவசரமாக வாடியவன், நிதானமாக யோசித்து முடிவெடுத்தவன் ஆகிவிடுவான்! அதனால்தான் 1881இல் வந்த திருத்தப் பதிப்பில் இரண்டையும் நீக்கி, ‘நேராக அப்போதே’ என்று பொருள்படும் வேறு சொல்லைப் போட்டார்கள்.

மாற்கு எழுதிய நூலில் இன்னும் பயங்கரமான இடம் ஒன்று உண்டு. ஏரோதியாளின் மகள், திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் வைத்து ‘பை அண்டு பை’ தர வேண்டும் என்று கேட்கிறாள். இந்த நொடியே வேண்டும் என்கிறாள். இன்றைய பொருளில் படித்தால், வசதிப்பட்டபோது கொடுங்கள் என்பது போல் இருக்கும்.

இன்னும் இரண்டு சொற்கள்

‘அனான்’, ‘பை அண்டு பை’ இரண்டுக்கும் வந்த கதியேதான் ‘சூன்’ என்ற சொல்லுக்கும் வந்தது. இன்று அதற்குச் ‘சீக்கிரத்தில்’ என்று பொருள் சொல்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதுவும் ‘உடனே’தான்! ‘பிரசண்ட்லி’ என்பதும் ஒரு காலத்தில் ‘இப்பொழுதே’ என்றிருந்து, பிறகு ‘சற்று நேரத்தில்’ என்று தளர்ந்துவிட்டது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ‘தற்போது’ என்ற பொருள் இன்னும் வழக்கில் இருக்கிறது. நம் ஊர் ஆங்கிலத்திலும் அதைக் கேட்கலாம்.

இந்தப் ‘பிரசண்ட்லி’ ஒருமுறை என்னை நன்றாக மாட்டிவைத்தது.

1968இல் நான் நான்காம் படிவ மாணவன். எங்கள் லயத்தில் கூரை ஒழுகிற்று. பலரும் சேர்ந்து தோட்ட ஆபீசுக்கு மனுக் கொடுத்தார்கள். இரண்டே வரியில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. லயத்தில் ஆங்கிலம் படிக்கிறவன் நான் ஒருவன்தான். எல்லோரும் சுற்றி நிற்க, பெருமையோடு படித்தேன். கூரையை ‘பிரசண்ட்லி’ கவனிப்பதாக எழுதியிருந்தது. ‘பிரசண்ட்’ என்றால் நிகழ்காலம் என்று இலக்கணத்தில் படித்தவனல்லவா? “இப்பவே செஞ்சு தர்றாங்களாம்!” என்று அறிவித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி என் சொல்லை நம்பினார். தச்சர் வந்தால் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அரிசி மூட்டையையும் பாய் தலையணையையும் ஒரு மூலைக்கு நகர்த்தி வைத்தார். அந்த மூலைதான் அதிகமாக ஒழுகும் மூலை என்று இரவு மழையில் தெரிந்தது. தச்சர் மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. தீபாவளியும் கழிந்த பிறகுதான் ஏணியோடு வந்து சேர்ந்தார்.

இடையில் ஒருநாள் பாட்டி என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏன்டா தம்பி, நீ படிக்கிற இங்கிலீசுல ‘இப்ப’ன்னா எத்தனை மாசம்டா?”

அன்று நான் தலைகுனிந்தேன். பள்ளி நூல்நிலையத்தில் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. கடிதம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. நனைந்தது மட்டும் பாட்டியின் அரிசி.

நம் வீட்டுச் சொற்கள்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். ‘உடனே’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘உடன்’ என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறப்பு, உடன்பாடு என்கிறோமே, அதே உடன். அழைப்பும் வருகையும் கைகோத்து ஒன்றாக நிகழ்வதுதான் ‘உடனே’. ‘அனான்’ ஒன்றில் பிறந்தது. ‘உடனே’ சேர்க்கையில் பிறந்தது. எங்கோ இருந்த இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தை ஏறத்தாழ ஒரே வழியில் சொல்லியிருக்கின்றன!

‘நிமிஷம்’ என்பதோ வடமொழியில் கண்ணிமைக்கும் பொழுது. அதை 60 விநாடி ஆக்கினோம். “ஒரு நிமிஷம், வந்துடறேன்” என்று சொல்லி அரை மணி ஆக்கினோம். மலாய் மொழியில் ‘செக்கெஜாப்’ என்றாலும் ஓர் இமைப்பு என்றே பொருள். சாப்பாட்டுக் கடையில் அந்த இமைப்பு எவ்வளவு நீளும் என்பது உங்களுக்கே தெரியும்.

எந்த மொழியிலும் இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை. எந்தப் புலவரும் கூடிப் பொருளை மாற்றவில்லை. ஆயிரமாயிரம் பேர் ‘இதோ’ என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர்கள் ஏமாந்து ஏமாந்து, அந்தச் சொல்லுக்குக் காத்திருத்தல் என்றே பொருள் வைத்துக்கொண்டார்கள். சொல்பவன் ஒரு பொருளில் சொல்கிறான். அதன் பொருளை முடிவு செய்கிறவன், காத்திருப்பவன்.

‘அனான்’ இன்று கிழவனாகிவிட்டது. வேடிக்கையாக விடைபெறும்போதும், பழைய பாணியில் எழுதும்போதும் மட்டுமே எட்டிப் பார்க்கிறது. நம் ‘உடனே’ இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. மருத்துவமனைக்கு உடனே வாருங்கள் என்று செய்தி வந்தால், யாரும் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை. அவ்வளவு வலிமை அதற்கு உண்டு. அதைத் தேய்க்காமல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, அடுப்படியிலிருந்து அழைத்த குரல் என்ன ஆயிற்று? கட்டுரை முடிந்துவிட்டது, எழுந்து போங்கள். உடனே!