கரையை அளந்து எழுதுதல்

கடலரிப்பு பற்றி எழுத ஒரு செய்தியாளரைப் பழக்க இரண்டு நாள் போதும். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் அளவு, அடுத்துக் காரணம், பிறகு மீனவர் வாய்மொழி, கடைசியில் எழுத்து. பருவநிலை மாற்றம் பற்றிய உரையோடு பயிற்சியைத் தொடங்கினால், பின்னர் கரையில் கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சான்றாகவே தோன்றும். பயிற்சிக்கு ஏற்ற இடம் புதுச்சேரி.

முதல் வேலை நாள் குறிப்பது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, காலையில் கடல் வற்றும் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில் ஓதம் அரை மீட்டர் ஏறினாலே நீர்விளிம்பு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். வற்றத்தில் ஒரு படமும் ஏற்றத்தில் ஒரு படமும் எடுத்து ஒப்பிடும் பிழைக்கு இந்த அட்டவணை இடம் தராது.

அடுத்தது அளத்தல். அமெரிக்கக் கடலியலாளர் கே. ஓ. எமரி 1961-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. தேவைப்படுபவை 1.5 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்புகள், அவற்றை இணைக்க அதே நீளக் கயிறு, ஒரு குறிப்பேடு. கம்புகளில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடுகள் இருக்க வேண்டும். மூவர் ஒரு குழு. இடம்பெயராத ஓர் அடையாளத்தில், ஏலக்கூடத் தூணோ கோயில் சுவர் மூலையோ, முதல் கம்பை நிறுத்துவர். கயிறு விறைக்கும் தொலைவில் கடல் பக்கம் இரண்டாம் கம்பு நிற்கும். கரைப்பக்கக் கம்பின் பின்னால் நிற்பவர், கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணைத் தாழ்த்துவார். அந்தப் பார்வைக் கோடு தம் கம்பை வெட்டும் இடத்தில் உள்ள எண்தான் தரை இறங்கிய அளவு. கடல் பக்கம் மணல்மேடு உயர்ந்திருந்தால், தம் கம்பின் உச்சி வழியே தொடுவானத்தைப் பார்த்து, எதிர்க்கம்பில் எண்ணைப் படிப்பார். அதைக் கூட்டல் குறியோடு எழுதுவர். பின்னர் முதல் கம்பு இரண்டாம் கம்பு நின்ற இடத்துக்கு வரும். கணுக்கால் நீர் வரை இதே சுற்றுதான். கம்பு மணலில் புதையாதபடி அடியில் சிறு பலகை வைப்பது நல்லது. மின்கலமோ செயற்கைக்கோளோ வேண்டாத கருவி இது. மட்டம் காட்டும் வேலையைத் தொடுவானமே செய்துவிடுகிறது.

அன்று பிற்பகல் அளவுகளை வரைபடத்தாளில் குறித்துக் கோடாக இணைப்பர். ஒரு கோட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கால அலைகள் கரையை வெட்டுகின்றன. அமைதியான மாதங்களில் மணலின் ஒரு பகுதி திரும்புகிறது. ஆகவே டிசம்பர் அளவை டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். நீண்ட காலப் போக்குக்குத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் வரைபடங்கள் உள்ளன. 1990 முதல் 2018 வரையான அதன் ஆய்வில், தமிழகக் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானது.

இரண்டாம் நாள் காலை, தெற்கிலிருந்து வடக்கே நடை. இதற்காகத்தான் புதுச்சேரி. இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980-களின் இறுதியில் கட்டி முடித்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை மறைந்து கருங்கல் குவியலானது. கல் கொட்டக் கொட்ட அரிப்பு மேலும் வடக்கே, தமிழக எல்லைக்குள் உள்ள குப்பங்களுக்கு நகர்ந்தது. சேர்ந்த மணலையும் இழந்த மணலையும் ஒரே நாளில் பார்த்தவர், கடலேற்றம் மட்டும்தான் காரணம் என்று எழுதமாட்டார்.

கடல்மட்ட உயர்வை அதற்குப் பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கைப்படி, 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர், பத்தாண்டுக்கு 3.7 சென்டிமீட்டர். கம்புக்குக் கம்பு 9 சென்டிமீட்டர் இறங்கும் கரையில், நீர் மட்டும் ஏறுவதாகக் கொண்டால், விளிம்பு 60 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டி நகரும். அலை கூடுதலாக மணலை வாரிச் செல்வது தனிக் கணக்கு. சில ஆண்டுகளில் பல பத்து மீட்டர் போயிருந்தால், முதலில் தேட வேண்டியது கட்டுமானம். இதனால் கடல்மட்ட உயர்வு அற்பமாகிவிடாது: உயர்ந்த மட்டத்தின் மேல்தான் இனி ஒவ்வொரு புயல் அலையும் ஏறும், மணலை முன்பே இழந்த குப்பம் அதை முதலில் வாங்கும். இரு காரணங்களையும் அவற்றின் அளவோடு எழுதுவதே நேர்மை.

அதன்பின் பேட்டி. "பருவநிலை மாற்றத்தை உணர்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்ற பதில்தான் வரும், அது பயன்படாது. "ஐயா, கரைவலை இழுக்க இடம் இருந்த கடைசி வருசம் எது? அப்போ படகை எங்கே ஏத்தி வைப்பீங்க?" என்று கேட்டால், அவர் எழுந்து இடத்தைக் காட்டுவார். அங்கிருந்து இன்றைய நீர்விளிம்பு வரை நாடாவால் அளக்கலாம்.

எழுதும்போது தாளை மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும்: அளந்தது, கேட்டது, ஊகித்தது. மூன்றாம் பத்தியிலிருந்து தலைப்பு எடுக்கக் கூடாது. செய்தி அச்சானதும் கம்பு அளவுகள், நாள், நேரம், ஓத நிலை, தொடங்கிய தூணின் படம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு அலுவலகத்தில் வைப்பர். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வரும் குழு அதே தூணிலிருந்து தொடங்கும்.