மாமல்லபுரச் சிற்றுருக் கோயில்களில் வெளி பற்றிய சிந்தனை

ஆய்வுச்சுருக்கம்

பல்லவர் காலக் கற்கோயில்களின் மேல்தளங்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள சிற்றுருக் கோயில்களும் கூடுகளும் பொதுவாக அலங்கார உறுப்புகளாகவே கருதப்படுகின்றன. அவை உள்ளே நுழைய இயலாத வெளியைக் காண்போருக்கு உணர்த்தும் கட்டடக்கலை உத்திகள் என்பதை வல்லம் குடைவரை, மாமல்லபுரம் ஒற்றைக்கல் கோயில்கள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூடு, ஆரம், பஞ்சரம், சாலை, ஒற்றைக்கல் கோயில், சிற்றம்பலம்.

முன்னுரை

சிறு பெட்டிக்குள் ஓர் உலகை அமைத்துக் காட்டும் கலைமுயற்சி, 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெலின் (1903–1972) கண்ணாடி முகப்புடைய மரப்பெட்டிகளால் பரவலாக அறியப்பட்டது. அப்பெட்டிகளுக்குள் கை நுழையாது. கண் மட்டுமே நுழையும். அந்தத் தடையே உள்ளிருக்கும் சிறிய வெளியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதற்கு நெருக்கமான ஓர் உத்தியைத் தொண்டை நாட்டுக் கடற்கரைச் சிற்பிகள் பல்லவர் காலத்திலேயே பாறையில் கையாண்டுள்ளனர். நோக்கமும் சமயப் பின்புலமும் வேறு. ஆயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே: நுழைய முடியாத இடத்தை இடமாக உணர்த்துவது எவ்வாறு?

குடைந்து பெற்ற வெளி

செங்கற்பட்டை அடுத்துள்ள வல்லம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உள்ளது. அரசனின் விருதுப்பெயர்களைக் கூறித் தொடங்கும் அதன் தமிழ்க் கல்வெட்டு, வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்த ‘தேவகுலம்’ என அதனைக் குறிக்கிறது. முன்னே தூண்கள், பின்னே கருவறை என்னும் எளிய அமைப்புடையது அது. பாறையை அகற்றியதால் பிறந்த வெளி ஆதலின், அதற்கு அகம் உண்டு. தனக்கெனப் புறம் இல்லை. குன்றே அதன் புறமாகும்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் இந்நிலை தலைகீழாகிறது. அங்குப் புறம் முழுமையாக உருப்பெற்றுள்ளது. அகமோ மிகச் சிறியது, சிலவிடங்களில் குடையப்படாமலே நின்றுவிட்டது. இவற்றின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதலாம் நரசிம்மவர்மன் காலத்தன என்பாரும், இராசசிம்மன் காலத்தன என்பாரும் உளர். எக்காலத்தன ஆயினும் இங்குக் கூறப்படும் வடிவ உறவு மாறுவதில்லை.

முழுவடிவமும் சிற்றுருவும்

ஐந்து ரதங்களும் ஒன்றுபோல் அமைந்தவை அல்ல. திரௌபதி ரதம் ஏறத்தாழ 11 அடிப் பக்கமுள்ள சதுரத் தளத்தின்மேல் நான்கு புறமும் வளைந்து சரியும் கூரையுடைய குடில். வீமரதம் நீள்சதுரத் தளமும் வண்டிக்கூடு போன்ற கூரையும் கொண்டது. நகுல சகாதேவ ரதம் பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவினது. தருமராச ரதமும் அருச்சுன ரதமும் தளங்கள் அடுக்கப்பட்ட விமானங்கள்.

ஏறத்தாழ 35 அடி உயரமுள்ள தருமராச ரதத்தின் தளவிளிம்புகளில் ‘ஆரம்’ எனப்படும் சிற்றுருக் கோயில் வரிசை ஓடுகிறது. மூலைகளில் சதுரமான கர்ணகூடுகளும் இடையில் நீள்சதுரச் சாலைகளும் உள்ளன. அருகிலேயே குடிலாகவும் மண்டபமாகவும் நிற்கும் வடிவ வகைகள் இங்குக் கைக்கு எட்டாத உயரத்தில் சிறு பேழைகளாகச் சுருங்கியிருக்கின்றன. தரையில் முழுவடிவைக் கண்டவர் மேலே அதன் சிற்றுருவைக் காணும்போது, கல்லின் மேற்பரப்பை மட்டும் காண்பதில்லை. அதனுள் ஓர் அறை உண்டு என்றும் கொள்கிறார். அறிந்த வீடு சிறுத்துத் தோன்றினால் அது தொலைவில் உள்ளது என்று கருதுவது கண்ணின் இயல்பு. ஆகவே ஒரே பாறை பல வீதிகளும் மாடங்களும் உடைய ஊராக விரிகிறது.

பணி நடந்த முறையும் இங்குக் கருதத்தக்கது. ஒற்றைக்கல் கோயில்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. அதனால் தருமராச ரதத்தில் மேல்தளங்கள் நிறைவுபெற்றிருக்க, கீழ்த்தளம் முற்றுப்பெறாமல் உள்ளது. இது தொழில்நுட்பத்தின் விளைவே. சிற்பியின் விருப்பத்துக்கு நேரடிச் சான்றாகாது. எனினும் சிற்றுருக்கள் கட்டடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட அணிகள் அல்ல, தொடக்கத்திலேயே அளந்து திட்டமிடப்பட்டவை என்பது இதனால் தெளிவாகிறது.

கூடும் முகமும்

சிற்றுருவின் மிக நுண்ணிய நிலை கூடாகும். மரக்கட்டடக் கூரையின் வளைவான சாளர முகப்பைக் கல்லில் நினைவூட்டும் இலாட வடிவ உறுப்பு இது. கொடுங்கைகளில் இடைவெளி விட்டு அமைக்கப்பட்டுள்ள கூடுகள் பலவற்றினுள் மனித முகம் ஒன்று வெளியே நோக்கும். தலை மட்டுமே தெரிகிறது. ஆனால் தலைக்குக் கீழே உடலும், உடல் நிற்கத் தரையும், தரையைச் சூழ அறையும் உண்டு எனக் காண்பவரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. உண்மையில் முகத்தின் பின்னே இருப்பது பாறை மட்டுமே.

கலைச்சொற்களும் இதற்கு அரண் செய்கின்றன. கூடு என்பது பறவையின் இருப்பிடத்தையும் உயிர் தங்கும் உடலையும் குறிக்கும் சொல். பஞ்சரம் என்பதற்கும் பறவைக்கூண்டு என்பது பொருள். உள்ளிருக்கும் உயிரை வைத்தே இவ்வுறுப்புகள் பெயர்பெற்றுள்ளன எனலாம்.

அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தொகுதியில் சிறுகோயில் ஒன்றினுள் திருமால் நின்ற கோலத்தில் உள்ளார். முனிவர் ஒருவர் அதன் முன்னே அமர்ந்துள்ளார். அவரும் உள்ளே செல்லவில்லை. கோயிலின் புறத்தே இருந்து அகத்தை உணரும் நிலையே அங்குச் சிற்பமாகியுள்ளது.

சிற்றம்பலமும் பேரம்பலமும்

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்டு இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர் வை. கணபதி ஸ்தபதி (1927–2011). மனித அகத்திலுள்ள நுண்வெளியைச் சிற்றம்பலம் என்றும், அண்டப் பெருவெளியைப் பேரம்பலம் என்றும், இரண்டும் தன்மையால் ஒன்றே என்றும் அவர் விளக்கினார். 20ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவரின் இவ்விளக்கத்தைப் பல்லவர் காலக் கொள்கையாக ஏற்றிக்கூறுதல் பொருந்தாது. ஆனால் ஒரே வடிவம் கோயிலாகவும், தளத்துச் சிற்றுருவாகவும், கூடாகவும் அளவு மாறியும் தன்மை மாறாமல் நிற்பதை நோக்கும்போது, அச்சிந்தனைக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு அக்கல்லூரி இருக்கும் ஊரிலேயே உள்ளது எனலாம்.

முடிவுரை

வல்லத்தில் மனிதர் நுழையும் வெளி கிடைத்தது. மாமல்லபுரத்தில் பார்வை மட்டுமே நுழையும் வெளி படைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை ஏற்பின், சிற்றுருக்களை ‘அலங்காரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது பொருந்தாது. இது சொல்லாட்சிச் சிக்கல் மட்டும் அன்று. உப்புக்காற்று கருங்கல்லையும் அரிக்கும் என்பதற்குக் கடற்கரைக் கோயிலின் மழுங்கிய சிற்பங்களே சான்று. அரிப்பில் முதலில் மறைபவை நுண்வடிவங்களே. கூட்டினுள் இருக்கும் முகம் மழுங்கினால் ஒரு சிற்பம் மட்டும் அழிவதில்லை. அதன் பின்னே நாம் உணர்ந்த அறையும் மறைந்துவிடும். எனவே ஆரத்தின் ஒவ்வோர் உறுப்பையும், கூட்டின் அகல ஆழங்களையும், அதனுள் உள்ள உருவத்தையும் தனித்தனியே அளந்து பதிவுசெய்வது பல்லவர் கலையாய்வின் உடனடித் தேவையாகும்.