பசியைத் தணிக்கும் குடல் ஹார்மோன்கள்

குடலின் ஹார்மோன்கள் தனிச் சுரப்பி ஒன்றில் உருவாவதில்லை. அவற்றைச் சுரக்கும் செல்கள் இரைப்பை, குடல் சுவர் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. 1902இல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் கணையம் நீரைச் சுரந்தது; செய்தி இரத்தத்தின் வழியே போயிருந்தது. அதைச் சுமந்து சென்ற பொருளே செக்ரெட்டின், ஹார்மோன் என்று முதலில் அறியப்பட்ட பொருள்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999இல்தான் ஜப்பானில் கண்டறியப்பட்டது. வழக்கமான சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இரைப்பையில் அதன் சுரப்பு ஏறும். ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் தாமதமாகி நின்றாலும், ஒரு மணிக்கு உண்டு பழகியவருக்கு ஒரு மணிக்கே பசிக்கும். சாப்பிடாமல் விட்டால் சற்று நேரத்தில் அந்தப் பசி தானாகவே தணிவதும் உண்டு.

உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடைந்ததும் கோலெசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது பித்தப்பையைச் சுருக்குகிறது, கணைய நொதிகளை வரவழைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வேகஸ் நரம்பு வழியே மூளைக்கு ‘போதும்’ என்ற உணர்வையும் அனுப்புகிறது.

குடலின் கீழ்ப்பகுதியில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற, பசியைத் தணிக்கும் இரண்டு ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களும் இவற்றைத் தூண்டும். சித்தூர், திருப்பதிப் பக்கத்து ராகி சங்கடி (களி) நெடுநேரம் பசி தாங்கும் என்பதற்கு இது ஒரு காரணமாகலாம். ஆனால் ராகியை நைசாக அரைத்துச் சலித்துவிட்டால் அந்தப் பலன் குறையும்.

ஜிஎல்பி-1க்கு இன்னொரு வேலையும் உண்டு. சர்க்கரை ஏறியிருக்கும்போது கணையத்தைக் கூடுதலாக இன்சுலின் சுரக்க வைக்கும். குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவதைவிட வாய்வழி கொடுத்தால் இன்சுலின் அதிகம் சுரப்பது இதனாலும்தான். இயற்கையான ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடங்களுக்குள் பாதியாகிவிடும். அதைப் போலவே செயல்பட்டு, ஒரு வாரம்வரை நிலைக்கும்படி உருவாக்கப்பட்ட நீரிழிவு ஊசிமருந்துதான் செமாக்ளூடைடு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக, சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. எனவே இந்த ஊசிக்கு இங்கே பெரிய சந்தை இருப்பதில் வியப்பில்லை.

இந்த மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதால் குமட்டலும் வாந்தியும் வரலாம். மூளையில் அது நேரடியாகச் செயல்படுவதும் இதற்குக் காரணம். உடல் எடையையும் குறைக்கும் இம்மருந்தை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது.